வயசுக் கோளாறு என்று சொல்லிவிட்டால் முடிந்ததா?

பள்ளிவிட்டு வந்த பையன் புத்தகப் பையை மூலையில் போட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். "என்னடா ஆச்சு?" என்று அம்மா கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் தங்கையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்: "வயசுக் கோளாறும்மா. ரெண்டு வருசம் போனா தானா சரியாயிடும்."

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவிலும் கேட்கலாம், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்திலும் கேட்கலாம். இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் குறைவு. ஆறுதலுக்காகச் சொல்லும் சொல்தான். ஆனால் அதற்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. பிள்ளையின் கொந்தளிப்புக்குக் காரணம் அவன் வயது என்பது ஒன்று. வயது கடந்தால் கொந்தளிப்பும் போய்விடும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் உளவியலாளர்களும் மானிடவியலாளர்களும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்து வருகிறார்கள். அவர்கள் கண்டதை நம் ஊர்ப் பிள்ளைகளின் நாளோடு வைத்துப் பார்த்தால், அத்தையின் தீர்ப்பில் பாதிதான் தேறுகிறது.

புயல் என்று பெயர் வைத்தவர்

வளரிளம் பருவத்தைத் தனி ஆய்வுத் துறையாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால். 1904-இல் அவர் எழுதிய 'அடலசன்ஸ்' என்ற இரண்டு தொகுதி நூல் அந்தப் பருவத்தைப் புயலும் தவிப்பும் நிறைந்த காலமாகக் காட்டியது. அந்தச் சொற்களை அவர் ஜெர்மானிய இலக்கிய இயக்கம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். மனித இனம் கடந்துவந்த கொந்தளிப்பான கட்டத்தை ஒவ்வொரு பிள்ளையும் தன் பதின்ம வயதில் மறுபடி கடக்கிறது என்று ஹால் நம்பினார். அப்படியானால் புயல் உடம்போடு வருவது; எந்த நாட்டிலும் எந்தக் குடியிலும் தப்ப முடியாதது.

24 ஆண்டுகள் கழித்து இதை மறுத்து ஒரு நூல் வந்தது. மார்கரெட் மீட் என்ற இளம் மானிடவியலாளர் பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுகளுக்குப் போய்ப் பெண்பிள்ளைகளோடு பழகினார். அவர்கள் அமைதியாகவே பெரியவர்கள் ஆகிறார்கள் என்று 1928-இல் எழுதினார். புயலை உண்டாக்குவது பண்பாடு என்பது அவர் வாதம். 1983-இல் டெரெக் ஃப்ரீமன் அதே சமோவாவிலிருந்து எதிர்ச் சான்றுகளைக் கொண்டுவந்து, மீட் பார்த்தது முழு உண்மை ஆகாது என்றார். பல ஆண்டுகள் நடந்த அந்தச் சண்டை ஒரு பாடத்தை விட்டுச் சென்றது. ஒரே ஊரில் ஒருவர் சில மாதம் தங்கிப் பார்த்ததை வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட முடியாது.

1991-இல் ஆலிஸ் ஷ்லீகல், ஹெர்பர்ட் பாரி இருவரும் வேறு வழியில் போனார்கள். தொழிற்புரட்சி எட்டாத 186 சமூகங்களைப் பற்றிய மானிடவியல் பதிவுகளை அடுக்கிவைத்து ஒப்பிட்டார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையில் ஒரு பருவம் உண்டு என்பதை ஏறக்குறைய எல்லாச் சமூகங்களும் ஏற்கின்றன. ஆனால் அந்தப் பருவத்தின் நீளமும் குணமும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. பையன்கள் பகலில் பெரியவர்களோடு சேர்ந்து வேலையில் இருக்கும் சமூகங்களில் அடிதடியும் அத்துமீறலும் குறைவாகவும், சம வயதுக் கும்பலோடு மட்டும் திரியும் சமூகங்களில் கூடுதலாகவும் தென்பட்டன. பிள்ளை யாரோடு நாளைக் கழிக்கிறது என்பது இப்படி ஆய்வுக் கணக்குக்குள் வந்தது.

மணி அடித்ததும் எழுது

உணர்வை அளப்பது எப்படி? இரவில் ஒரு பையனைக் கூப்பிட்டு "இன்னிக்கு எப்படி இருந்த?" என்று கேட்டால், கடைசியாக நடந்த சண்டையையோ கிடைத்த பாராட்டையோ வைத்து நாள் முழுவதற்கும் ஒரு மதிப்பெண் போட்டுவிடுவான். நினைவு உணர்வைத் திருத்தி எழுதும்.

1970-களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் ரீட் லார்சனும் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். மாணவர்களிடம் ஒரு பேஜரும் சிறு கையேடும் கொடுத்தார்கள். ஒரு வாரம், ஒவ்வொரு நாளும், முன்கூட்டித் தெரியாத நேரங்களில் பேஜர் ஒலிக்கும். ஒலித்ததும் எழுத வேண்டும். எங்கே இருக்கிறாய், யாரோடு, என்ன செய்கிறாய், மனம் மகிழ்ச்சியிலா வருத்தத்திலா, இணக்கத்திலா எரிச்சலிலா? ஒரு நொடியின் மனநிலை அந்த நொடியிலேயே தாளில் ஏறிவிடும். வார முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற இறக்கமான ஒரு கோடு கிடைக்கும்.

அந்தக் கோடுகள் சொன்னவை சுவையானவை. பதின்ம வயதினரின் மனநிலை பெரியவர்களைவிட உயரவும் ஏறுகிறது, ஆழவும் இறங்குகிறது. அது வேகமாக மாறவும் செய்கிறது. ஆனால் அப்படி ஏறி இறங்குகிறவர்கள் வாழ்க்கையில் தடுமாறுகிறவர்களாக இல்லை. ஊசலாட்டம் அந்த வயதின் இயல்பு; அதை நோயின் அறிகுறியாகப் பார்க்க வேண்டியதில்லை.

லார்சன் பின்னர் வேறொரு பிள்ளைக் குழுவை அளந்து, சில ஆண்டுகள் கழித்து அவர்களை மறுபடி அளந்தார். சிகாகோப் புறநகர்ப் பிள்ளைகளில் 10 வயதினர் விழித்திருக்கும் நேரத்தில் 35 விழுக்காட்டைக் குடும்பத்தோடு கழித்தார்கள். 18 வயதில் அது 14 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. மனநிலையின் சராசரியும் பதின்மத்தின் தொடக்கத்தில் படிப்படியாகச் சரிந்து, பத்தாம் வகுப்பை ஒட்டித்தான் சரிவு நின்றது.

1993-இல் லார்சனும் மார்க் ஹாமும் வெளியிட்ட ஆய்வு இந்தச் சரிவின் காரணத்தைத் தேடியது. பதின்மத்துக்குள் நுழைந்த பிள்ளைகளின் வாழ்வில் துன்ப நிகழ்வுகளின் எண்ணிக்கையே கூடியிருந்தது. பள்ளி மாற்றம், நட்பு முறிவு, வீட்டுச் சண்டை, தேர்வு என ஒன்றன்மேல் ஒன்றாக அவை சேர்ந்தன. வாடிய மனநிலை அந்த அடுக்கோடு சேர்ந்தே வந்தது. ஹார்மோன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதை அடைக்க முடியாது.

கள்ளக்குறிச்சியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க ஆய்வுக் கட்டுரை தேவையில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. தந்தையை இழந்த பிள்ளைகள், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே 13 வயது, அதே 15 வயது. அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் வெடித்து அழுதால் அதை வயசுக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

சண்டிகரில் கட்டிய கடிகாரங்கள்

இந்தியப் பிள்ளைகளிடம் இதே முறையைக் கொண்டுவந்தவர் சண்டிகரைச் சேர்ந்த உளவியலாளர் சுமன் வர்மா. அவரும் லார்சனும் சண்டிகரின் நடுத்தர வர்க்கக் குடும்பங்களிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர் 100 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒலி எழுப்பும் கைக்கடிகாரங்களைக் கட்டி ஒரு வாரம் எழுதவைத்தார்கள். முடிவுகள் 2002, 2003 ஆண்டுகளில் வெளிவந்தன.

அமெரிக்கக் கதை அங்கே திரும்ப நடக்கவில்லை. சண்டிகர்ப் பிள்ளைகள் குடும்பத்தோடு கழித்த நேரம் அமெரிக்கப் பிள்ளைகளைவிட அதிகம். அந்த நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் நல்ல மனநிலையிலேயே இருந்தார்கள். வளர வளர வீட்டைவிட்டு மனத்தால் விலகுவது பதின்ம வயதின் கட்டாயம் என்று மேற்கத்திய நூல்கள் எழுதிவைத்திருந்ததற்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. அந்த வயதின் அதே உடம்பு, அதே ஹார்மோன்கள். ஆனால் வாரத்தின் கோடு வேறு வடிவில் ஓடியது.

அதே கடிகாரம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் விழித்திருந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு பள்ளிக்கும் பாடத்துக்கும் போனது. கடிகாரம் ஒலித்தபோது புத்தகத்தின்முன் இருந்தவர்களின் மனநிலை தாழ்ந்திருந்தது. கவனம் புத்தகத்தில் இருந்தது, விருப்பம் அதில் இல்லை. படிப்புக்கு அதிக நேரம் செலவழித்தவர்களிடம் சராசரி மனநிலை குறைவாகவும் உள்ளுக்குள் புழுங்கும் தொல்லைகள் கூடுதலாகவும் இருந்தன. ஓய்வு நேரம் அதிகம் வைத்திருந்தவர்கள் தெளிவாக இருந்தார்கள்; ஆனால் அவர்களுக்குத் தேர்வைப் பற்றிய பதற்றம் கூடுதல், மதிப்பெண் குறைவு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு விலை இருந்தது.

புயல் அங்கே இல்லாமல் போகவில்லை. வீட்டுக்கும் பிள்ளைக்கும் இடையே வீச வேண்டிய காற்று, பிள்ளைக்கும் பாடப்புத்தகத்துக்கும் இடையே வீசிக்கொண்டிருந்தது.

மலையில் ஒரு நாள், அடிவாரத்தில் ஒரு நாள்

சண்டிகர்க் கடிகாரத்தை இப்போது நம் மாவட்டத்தில் இரண்டு பிள்ளைகளின் கையில் கட்டிப் பார்ப்போம். இருவரும் கற்பனைப் பிள்ளைகள். அவர்களின் நாள் மட்டும் நாம் அன்றாடம் பார்க்கும் நாள்.

ஒருவன் கள்ளக்குறிச்சி நகரத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். விடியுமுன் கணக்கு டியூஷன். பிறகு பள்ளி வேன். மாலையில் சிறப்பு வகுப்பு, அது முடிந்து இன்னொரு டியூஷன். இரவு எட்டரைக்கு வீடு. சோறு போடும்போது அம்மா கேட்பது "டெஸ்ட்டுல எவ்ளோ?" என்பதைத்தான். படுக்கையில் ஒரு மணி நேரம் செல்போன். அன்று கடிகாரம் எட்டு முறை ஒலித்தால் ஆறு முறை அவன் ஏதோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஆட்கள் சூழ இருந்தும் யாரோடு என்ற கேள்விக்கு அவன் எழுதப் பெயர் இருக்காது.

மற்றவள் கல்வராயன் மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கரியாலூர் வழியாகப் போனால் வருகிற உலகம் அது. கடல்மட்டத்திலிருந்து 2,000 முதல் 3,000 அடி உயரம். மரவள்ளியும் சாமையும் விளையும் சரிவுகள். கடுக்காயும் புளியும் பலாவும் பொறுக்கும் காடு. அவள் மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று நினைக்கக் கூடாது. மலையில் வாழ்பவர் என்பதே பொருள், பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்பது அவர்களின் வழிக்கதை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கும் பருவத்தில் குடகுக்கோ கேரளத்துக்கோ கூலிக்குப் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் விடுமுறை வந்தால் அவள் போவது ஆயா வீட்டுக்கு. தம்பிக்கு அவள்தான் சோறு வைக்கிறாள், ஆட்டையும் அவள்தான் ஓட்டிப் போகிறாள்.

அவள் கடிகாரம் எப்போது ஒலித்தாலும் பக்கத்தில் யாரோ இருப்பார்கள். விடுதியில் இருபது பிள்ளைகள், வீட்டில் ஆயாவும் தம்பியும். தனிமை என்ற கட்டத்தில் அவள் குறியிட வாய்ப்பு குறைவு. ஆனால் அம்மா என்ற பெயர் அவள் கையேட்டில் வாரக்கணக்கில் வராமலும் இருக்கலாம்.

ஒரே மாவட்டம், ஒரே வயது. நகரத்துப் பையனுக்குக் குடும்பம் ஒரே கூரையின்கீழ் இருக்கிறது, நேரம் இல்லை. மலைப்பெண்ணுக்கு நேரம் இருக்கிறது, குடும்பம் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இருவர் முகத்திலும் ஒரே வாட்டத்தைப் பார்த்து ஒரே பெயர் வைப்பவர்களாக நாம் இருக்கிறோம்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலை முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது 1976-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் அங்கே பிறந்த பிள்ளை, நடக்கத் தெரிந்த சில ஆண்டுகளில் பாடுபடத் தொடங்கிவிடும். பள்ளி, விடுதி, பிளஸ் டூ, கல்லூரி என்று நீளும் பதின்மப் பருவமே அந்த மலைக்கு இரண்டு தலைமுறைதான் பழசு. இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பெண்ணுக்கு, இந்த வயதை இப்படித்தான் கடக்க வேண்டும் என்று சொல்லித்தர அவள் ஆயாவிடம் அனுபவம் கிடையாது. ஆயாவுக்கு இந்த வயதில் கல்யாணம் முடிந்திருக்கும்.

எல்லோருக்கும் பொதுவானது எது?

அப்படியானால் அத்தை சொன்ன வயதுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவர் குழுவும் இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். புதிய கிளர்ச்சிகளைத் தேடும் ஆசை பதின்மத்தில் ஏறி, 19 வயதை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் மெதுவாக வளர்ந்து இருபதுகளின் நடுவில்தான் நிலைபெறுகிறது. மிகவும் வேறுபட்ட பண்பாடுகளிலும் இந்தப் பொது வடிவம் பெரும்பாலும் தென்பட்டது.

மூளையின் வளர்ச்சிமுறை இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பரிசுக்கும் ஆபத்துக்கும் துள்ளும் உட்பகுதிகள் பூப்பெய்தும் காலத்தில் கூர்மை அடைகின்றன. நெற்றிக்குப் பின்னால் உள்ள, நிதானித்து முடிவெடுக்கும் பகுதி முதிர இன்னும் பத்தாண்டு ஆகும். வெள்ளம் முன்னே வந்துவிடுகிறது; மதகு பின்னால் கட்டி முடிகிறது.

ஆனால் ஆசை ஒரே வடிவில் இருந்த அந்த நாடுகளில், நிஜ வாழ்வில் பிள்ளைகள் எடுத்த ஆபத்தான முடிவுகளின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபட்டது. கோமுகி ஆற்றில் மழைக்கு வெள்ளம் வருவது இயற்கை. அது வயலுக்குப் பாய்கிறதா ஊருக்குள் புகுகிறதா என்பது கரையையும் வாய்க்காலையும் பொறுத்தது.

சுமையா, பெருமிதமா?

மலைப்பெண் தம்பிக்குச் சோறு வைக்கிறாள் என்றோம். அது அவளுக்குத் துன்பமா? விளையாட வேண்டிய வயதில் வேலையா என்று கேட்கத் தோன்றும். ஈவா டெல்சரும் ஆண்ட்ரூ ஃபுலிக்னியும் லாஸ் ஏஞ்சலிஸில் இலத்தீன் அமெரிக்க, ஆசிய, ஐரோப்பிய வழிவந்த 700-க்கும் மேற்பட்ட பதின்ம வயதினரை 14 நாட்கள் நாட்குறிப்பு எழுதவைத்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டு வேலை செய்த நாட்களில் பிள்ளைகளின் மனம் தளர்ந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்கு உதவிய நாட்களில் மகிழ்ச்சி கூடியிருந்தது. நான் நல்ல மகன், நல்ல மகள் என்ற நிறைவு அதற்கு ஒரு காரணம்.

நம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதைப் பார்க்க வேறொரு கண்ணாடி தருகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று அது உணர்வுகளை எட்டாகப் பகுக்கிறது. ஒவ்வொன்றும் எந்த நிலைக்களனில் பிறக்கும் என்று நான்கு நான்காகச் சொல்கிறது. உணர்வு நெஞ்சுக்குள் தானே ஊறுவதாக அதில் இல்லை. வெளியே ஒரு களன் வேண்டும். அழுகை பிறக்கும் இடங்களில் ஒன்றாக வறுமையை அது வைக்கிறது. பெருமிதம் பிறக்கும் இடங்களில் ஒன்றாகக் கல்வியை வைக்கிறது.

மலைப்பிள்ளையின் பதின்மம் இந்த இரண்டு களன்களுக்கும் நடுவில் ஓடுகிறது. கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தில் உள்ள கருமந்துறையின் அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2025-இல் சென்னை ஐஐடிக்குத் தேர்வானார். அந்தச் செய்தி மலை முழுக்கப் பரவியபோது நூற்றுக்கணக்கான விடுதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வெறும் செய்தி அல்ல. படிப்பு என்ற களனில் தங்களுக்கும் பெருமிதம் விளையும் என்று அவர்கள் அன்று கண்டார்கள். நகரத்துப் பையனுக்கு அதே படிப்பு அச்சத்தின் களனாகிவிட்டது. புத்தகம் இருவருக்கும் ஒன்று. அதன்மேல் ஊர் எழுதிவைத்த பொருள் வேறு.

அடக்கமும் தேக்கமும்

எந்த உணர்வு நல்ல உணர்வு என்பதிலும் ஊருக்கு ஊர் கருத்து மாறும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜீன் சாய் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார். ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர்கள் விரும்பும் இன்பம் துள்ளலும் ஆரவாரமும் கொண்டது. சீன வழிவந்தவர்கள் விரும்பும் இன்பத்தில் அமைதி கூடுதல். குழந்தைகளுக்கான கதைப்புத்தகப் படங்களிலேயே இது தொடங்கிவிடுகிறது. அமெரிக்கப் புத்தகத்தில் உள்ள முகங்கள் தைவான் புத்தக முகங்களைவிட அகலமாகச் சிரிக்கின்றன.

நம் வீடுகள் எதை விரும்புகின்றன? தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து மார்கரெட் டிராவிக் என்ற மானிடவியலாளர் 1990-இல் எழுதிய நூல், நம் அன்பின் குணங்களில் முதன்மையாக அடக்கத்தைச் சொல்கிறது. பெற்ற பிள்ளையைக் கண்படும்படிக் கொஞ்சாத தாய், பாசத்தைக் கடுமையாகக் காட்டும் தந்தை. மகிழ்ச்சியையும் துக்கத்தையும் உள்ளே வைத்துக்கொள்வது நம்மிடம் பண்பு. "அவ இருக்கிற இடமே தெரியாது" என்பது ஒரு பெண்பிள்ளைக்கு நாம் தரும் உச்சபட்சப் பாராட்டு.

இங்கேதான் நான் கவலைப்படுகிறேன். பெல்ஜிய உளவியலாளர் பீட்டர் குப்பென்ஸ், உணர்வின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அதன் தேக்கத்தை அளந்தார். ஒரு மனநிலை வந்தால் எளிதில் மாறாமல் அப்படியே தங்கிவிடும் தன்மை அது. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோரோடு உரையாடும்போது உணர்வு அதிகம் தேங்கிய பிள்ளைகளுக்கு இரண்டரை ஆண்டுகளுக்குள் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கத்திவிட்டு அரைமணியில் சிரிக்கும் பையனின் மனம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரமாகச் சத்தமே போடாமல் இருக்கும் பெண்ணைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். நம் பண்பாட்டில் அவளுக்குக் கிடைப்பது நல்ல பெயர்.

நம் வட்டாரத்துக்குப் பக்கத்திலிருந்தே இதற்கு ஒரு கடுமையான சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த இறப்புகளை ஆராய்ந்து 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். 10 முதல் 19 வயதுக்குள், ஓராண்டில் ஒரு லட்சம் பெண்களுக்கு 148 பேரும், ஒரு லட்சம் ஆண்களுக்கு 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். கூட்டுக்குடும்பமும் கோயில் திருவிழாவும் நிறைந்த ஊர்கள்தாம் அவை. குடும்பம் பக்கத்தில் இருந்தது. பேச இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

குடும்பம் காப்பதும் உண்மைதான். கோவாவில் 12 முதல் 16 வயதுள்ள 2,048 பேரிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. மனநலக் கோளாறு 1.81 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. துன்பம் வந்தால் முதலில் சாய்வதற்குக் குடும்பம் இருக்கிறது என்று சொன்ன பிள்ளைகளுக்கு ஆபத்து குறைவு. பின்னர் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதினரிடம் 7.3 விழுக்காடு என்றது. கருவிகளும் இடங்களும் வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் மூன்று ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். காப்பது ஒரே கூரை அல்ல, அந்தக் கூரையின்கீழ் பிள்ளை மனசுவிட்டுப் பேச முடிகிற நிலைதான்.

பிள்ளைகளிடம் சொற்கள் இல்லாமல் இல்லை. "கடுப்பா இருக்கு", "மனசே சரியில்ல", "ஒரு மாதிரியா இருக்கு" என்கிறார்கள். சில பிள்ளைகள் அதையும் சொல்லாமல் "தலை வலிக்குது", "வயித்த வலிக்குது" என்கிறார்கள். மாத்திரை கொடுத்து அனுப்பும்முன் இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுத்த வாக்கியம் தானே வரும்.

நேரத்தைக் கேளுங்கள்

இந்த நூறாண்டுத் தேடலிலிருந்து ஒரு பெற்றோர், ஓர் ஆசிரியர், ஒரு விடுதிக் காப்பாளர் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? வயதை நம்மால் மாற்ற முடியாது. நாளின் மணிநேரங்களை மாற்ற முடியும். விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொள்ளாமல் விடலாம். டியூஷன் ஒன்றைக் குறைத்து, இரவுச் சோற்றை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, மதிப்பெண் பேசாமல் சாப்பிடலாம். வேலைக்கு வெளியூர் போன பெற்றோர் வாரம் இரண்டு முறை பிள்ளையோடு பேச, விடுதியில் நேரமும் ஒரு செல்போனும் ஒதுக்கலாம். வாட்டம் வாரக்கணக்கில் மாறாமல் நின்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

கடிகாரம் இல்லாமலேயே சண்டிகர் ஆய்வை வீட்டில் நடத்தவும் முடியும். கதவைச் சாத்திக்கொண்ட பையனிடம் "என்னடா ஆச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வான். அந்தக் கேள்வி அவன் நாள் முழுவதையும் ஒரே வார்த்தையில் சுருக்கச் சொல்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, அவன் தங்கையோடு சிரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னிக்கு எந்த நேரம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு? அப்ப பக்கத்துல யாரு இருந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நேரத்தைக் கேட்டால் பிள்ளைகள் நேரத்தைச் சொல்வார்கள். "நாலாவது பீரியடுல" என்று அவன் தொடங்கினால், பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.